சோல்டரிங் வேலை: புகையும் காரீயமும் உடலுக்குள் போகும் வழிகள்

ஜார்ஜ்டவுன்: பாயான் லெப்பாஸில் 1972-இல் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கியதிலிருந்து மின்னியல் தொழில் பினாங்குத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டு வருகிறது. டத்தோ கிராமாட் போன்ற நகர்ப்பகுதிகளிலிருந்து தொழிற்சாலைக்குப் போவோரும் கைப்பேசி பழுதுபார்ப்போரும் அறிய வேண்டியது ஒன்றுண்டு: சோல்டரிங் வேலையில் ஆபத்து இரண்டு, அவை உடலுக்குள் போகும் வழியும் வேறு.

எந்த ஈயம்?

நம் பேச்சில் ‘ஈயம்’ இரண்டு உலோகங்களைக் குறிக்கும். பேராக் சுரங்கங்களில் எடுத்தது வெள்ளீயம். நஞ்சாவது காரீயம். பழைய வகை சோல்டர் கம்பியில் இரண்டும் கலந்திருக்கும்.

புகை

கண்ணுக்குத் தெரியும் புகை பெரும்பாலும் காரீயம் அல்ல. கம்பிக்குள் இருக்கும் பைன் மரப் பிசின் சூட்டில் கருகி எழுவது. இது ஆஸ்துமாவை உண்டாக்கலாம். இருமலும் இளைப்பும் வேலை நாளில் கூடி, விடுமுறையில் குறைந்தால் அதுவே முக்கிய அறிகுறி. காரீயம் கலக்காத கம்பியிலும் இந்தப் புகை உண்டு.

காரீயம்

சோல்டரிங் கருவியின் சூடு ஏறக்குறைய 350 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் காரீயம் பெரிதாக ஆவியாவதில்லை. விரலில் ஒட்டிய துகள் சோற்றோடும் சிகரெட்டோடும் வாய்க்குள் போகிறது. வயிற்றுவலி, மலச்சிக்கல், சோர்வு, இரத்தச்சோகை, மறதி ஆகியவை வரலாம். எலும்பில் தங்கும் காரீயம் கர்ப்பக் காலத்தில் சிசுவையும் சேரும். பாதுகாப்பான அளவு என ஒன்று இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

செய்ய வேண்டியவை

• புகையை முனையிலேயே உறிஞ்சி வெளியேற்றும் கருவி வேண்டும். மேசை விசிறி புகையைப் பக்கத்திலிருப்பவர்மேல் தள்ளும். துணி முகக்கவரி புகையைத் தடுக்காது.
• வேலை மேசையில் சாப்பிடவோ புகைக்கவோ கூடாது. சாப்பிடும் முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.
• மேசையை ஈரத்துணியால் துடைக்கவும், ஊதக் கூடாது.
• வேலை உடையைக் குழந்தைகளின் துணியோடு துவைக்க வேண்டாம்.

உரிமை

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சிறு கடைகளுக்கும் பொருந்தும். வேலையால் வரும் ஆஸ்துமாவும் காரீய நச்சும் சொக்சோவின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் உள்ளன. கிளினிக்குக்குப் போனால் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். அதைக் கேட்டால்தான் மருத்துவர் இரத்தத்தில் காரீய அளவைச் சோதிக்க நினைப்பார்.