இடாப்பில் மட்டும் இருக்கும் ஊர்

தேர்தல் முடிந்தது. புத்தளத்திலிருந்து வந்த பஸ்கள் திரும்பிவிட்டன. எருக்கலம்பிட்டியில் பல வீடுகளுக்கு மறுபடியும் பூட்டு.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் மன்னார்த் தீவு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, வீடு வாசலை விட்டுக் கடல்வழியே கற்பிட்டியில் போய் இறங்கியவர்கள் நாம். அகதி முகாமிலிருந்தும் மன்னார் வாக்கை நம் மூத்தவர்கள் கைவிடவில்லை. புத்தளத்தில் அமைத்த விசேட சாவடிகளில் வரிசையில் நின்றார்கள். 2019 நவம்பர் 16 அன்று, மன்னாருக்கு வாக்களிக்கப் போன நம்மவர்களின் பஸ்கள் மீது தந்திரிமலைப் பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆனாலும் போய் வாக்களித்தோம்.

2009இல் போர் முடிந்தது. சிலர் திரும்பினோம், பலர் புத்தளத்திலேயே வேரூன்றினோம். பிள்ளைகளின் படிப்பும் தொழிலும் அங்கே. அதில் குற்றமில்லை, புத்தளம் நம்மை வாழவைத்த மண்.

மீள்குடியேற்றத்தில் எந்த அரசாங்கமும் தன் கடமையை முழுதாகச் செய்யவில்லை. அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பதால் மட்டும் ஊர் வாழாது. சுபஹுக்கு ஸப்பில் ஆள் நிற்க வேண்டும். பாடசாலை வாங்கில் பிள்ளை இருக்க வேண்டும். மையவாடியில் ஸலாம் சொல்ல ஒருவர் வேண்டும்.

அடுத்த தேர்தல் பஸ்ஸுக்குக் காத்திராமல், குடும்பத்துக்கு ஒருவராவது வந்து பூட்டைத் திறப்போம், இன்ஷா அல்லாஹ்.