செவிகொடுக்கும் ஊழியம்: லண்டன் ஆலயத்திலிருந்து பள்ளிக்கும் பணியிடத்திற்கும்

உடன் பயிலும் மாணவருடைய, அல்லது உடன் உழைக்கும் ஊழியருடைய மனத்துயரை அடையாளங்கண்டு துணைநிற்கச் சாதாரண மக்களைப் பயிற்றுவிக்கும் முயற்சிகள் இந்நாளில் பல நாடுகளில் பெருகியுள்ளன. 2025 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று, கல்வி நிலையங்களின் ஆசிரியர்களும் ஏனைய பணியாளர்களும் ஆண்டுக்கு இருமுறையேனும் உளவியல் முதலுதவியிலும், அபாய அறிகுறிகளை அறிந்துகொள்வதிலும் பயிற்சி பெறவேண்டும் என நெறிமுறை வகுத்தது. திருச்சபைகள் நடத்தும் பள்ளிகளும் கல்லூரிகளும் விடுதிகளும் இதற்கு விலக்கானவையல்ல. தாளாளர்களாகவும் விடுதிப் பொறுப்பாளர்களாகவும் பணியாற்றும் நம் ஆயர்கள் பலர், இதனை நிரப்பி அனுப்பவேண்டிய மற்றுமொரு படிவமாகவே காண நேரிடலாம். எனினும் இம்முயற்சியின் வேர்களுள் ஒன்று ஓர் ஆலயத்தில் ஊன்றியுள்ளது. அவ்வரலாற்றை ஈண்டுச் சற்று விரிவாக நோக்குவோம்.

1935ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன் நகரில் சாட் வாரா என்னும் இளம் உதவிக் குரு தம் ஊழியத்தைத் தொடங்கினார். அவர் நடத்திய முதல் அடக்க ஆராதனை 14 வயதுச் சிறுமி ஒருத்திக்குரியது. முதன்முறை பூப்பெய்தியபோது தனக்குக் கொடிய நோய் ஏதோ கண்டுவிட்டது என்றஞ்சி அவள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அச்சத்தை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு ஒருவரும் இருக்கவில்லை. அவளுடைய உடல் பிரதிஷ்டை செய்யப்படாத நிலத்தில் அடக்கம்பண்ணப்பட்டது. 1662ஆம் ஆண்டின் பொது ஜெபப் புத்தகத்தில் அடக்க ஆராதனைக்கு முன்னுள்ள குறிப்பு, தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டோருக்கு அவ்வாராதனை உரியதன்று என விதித்திருந்தது. அந்நாட்டுச் சட்டமும் அதே வழியில் நின்றது. 1961ஆம் ஆண்டின் தற்கொலைச் சட்டம் இயற்றப்படும்வரை, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் இங்கிலாந்தில் குற்றவாளியே. சபையும் சட்டமும் ஒருங்கே கதவடைத்த நிலையில், துயருறுவோர் தம் எண்ணத்தை எவரிடம் வெளியிடுவர்? வெளியிட்டால் காவலரும் அறியக்கூடும், குருவும் கடிந்துரைக்கக்கூடும்.

அச்சிறுமியின் கல்லறை வாராவை விட்டு அகலவில்லை. இளைஞருக்குப் பாலியல் அறிவு புகட்டுவதில் அவர் ஈடுபட்டார். அதனால் பழியும் ஏற்றார். 1952இல் அவர் பிக்சர் போஸ்ட் என்னும் இதழில் இப்பொருள்பற்றி எழுதிய கட்டுரைக்கு வந்து குவிந்த கடிதங்களுள் சில, வாழ விரும்பாதோர் எழுதியவை. அக்காலத்தில் லண்டன் பெருநகரில் நாளொன்றுக்கு மூவர் தற்கொலை செய்துகொண்டனர் என்பதையும் அவர் அறிந்தார். தீ விபத்துக்கும் திருட்டுக்கும் 1937 முதலே அந்நகரில் 999 என்னும் அவசரத் தொலைபேசி எண் இருந்தது. சாக எண்ணியவர் அழைப்பதற்கோ எண் ஏதும் இல்லை.

1953இல் லண்டன் மாநகரின் வணிகப் பகுதியில் அமைந்த வால்புரூக் தூய ஸ்தேவான் ஆலயத்திற்கு அவர் குருவாக நியமிக்கப்பட்டார். சிற்பி கிறிஸ்டஃபர் ரென் கட்டிய புகழ்பெற்ற ஆலயம் அது. ஆயினும் அச்சபையில் குடியிருந்தோர் மிகச் சிலரே. வேலை குறைந்த சபை கிடைத்ததை வாரா ஒரு வாய்ப்பாகக் கொண்டார். (சபை பெரிதாயிருந்தால்தான் ஊழியம் பெரிது என்று மாற்றல் கேட்டு அலையும் நாம் இதைக் கவனிக்கலாம்.) மேன்ஷன் ஹவுஸ் இணைப்பகத்தில் 9000 என்னும் எண்ணைக் கேட்டுப் பெற வேண்டும் என அவர் கருதியிருந்தார். ஆலயத்தில் இருந்த தொலைபேசியின் தூசியைத் துடைத்தபோது, அதன் எண்ணே 9000 என்று கண்டதாக அவர் பின்னர் பலமுறை கூறியுள்ளார். 1953 நவம்பர் 2ஆம் நாள் முதல் அழைப்பு வந்தது. அடுத்த மாதம் டெய்லி மிரர் நாளேடு இப்பணியைப்பற்றி எழுதியபோது நல்ல சமாரியன் என்ற பெயரைச் சூட்டியது. லூக்கா 10ஆம் அதிகாரத்து உவமையில் ஆசாரியன் விலகிப்போகிறான். ஆசாரியன் ஒருவர் தொடங்கிய பணிக்கு அவ்வுவமையின் மற்றவனுடைய பெயரை இட்டது, சபையன்று, செய்தித்தாள்.

இனிதான் நம் பொருளுக்கு மையமான நிகழ்ச்சி வருகிறது. நேரில் காண வந்தோரின் தொகை பெருகவே, வாராவின் அறைக்கு வெளியே அவர்கள் காத்திருக்க நேர்ந்தது. உதவிக்கென முன்வந்த தொண்டர் சிலர், காத்திருந்தோருக்குத் தேநீர் கொடுத்து உடன் அமர்ந்தனர். அவர்கள் மருத்துவரல்லர், இறையியல் கற்றோருமல்லர். சில வாரங்களில் வாரா ஒன்றைக் கண்டுகொண்டார்: தேநீர் கொடுத்தவரிடம் மனந்திறந்து பேசியவர்களுள் பலர், குருவைக் காணாமலேயே ஆறுதலுடன் வீடு திரும்பினர். சிலரே அவருடைய ஆலோசனையை நாடினர். அவர்களிலும் சிலருக்கு மனநல மருத்துவரின் உதவி தேவைப்பட்டது. 1954 பிப்ரவரியில் வாரா தொலைபேசியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். தொண்டரைத் தேர்ந்தெடுப்பதும் மேற்பார்வையிடுவதும் தம் பணி என வரையறுத்துக்கொண்டார்.

தம் தொழிலின் மையமென்று தாம் எண்ணியிருந்த இடத்திலிருந்து ஒரு குருவானவர் நகர்ந்து நின்றார் என்பதே இதன் பொருள். நம்முள் எத்தனை பேருக்கு இது கைவரும்? சபையில் ஒருவர் துயரத்தில் இருக்கிறார் எனக் கேள்விப்பட்டால் வேதப்பகுதியைத் தேடி எடுத்துக்கொண்டு புறப்படுகிறோம், பேசுவதற்கே பயிற்றுவிக்கப்பட்டிருக்கிறோம். வாரா வகுத்த விதிகளுள் கண்டிப்பானது, துயருற்றோரிடம் தொண்டர் எவரும் மதத்தைப் பிரசங்கிக்கலாகாது என்பதாகும். கடவுளைப்பற்றிக் கேட்பவரே பேச்சைத் தொடங்கினாலன்றித் தொண்டர் தம் நம்பிக்கையை அவர்மேல் சுமத்துதல் கூடாது. சாவின் விளிம்பில் நிற்பவரின் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்வதை அவர் அநீதியாகக் கருதினார். 1963 மார்ச்சில் சிட்னி நகரில் லைப்லைன் என்னும் தொலைபேசிப் பணியைத் தொடங்கிய மெதடிஸ்டு ஊழியர் ஆலன் வாக்கரோ நற்செய்திப் பணியாளர். அவர் தம் முயற்சியைத் திருச்சபையின் அருட்பணியாகவே வெளிப்படையாக அமைத்தார். இவ்விருவரிடையே உள்ள வேறுபாடு இறையியலாளர் ஆராயத் தக்கது. எம் கருத்தில், செவிகொடுத்தலே சாட்சி என்ற அளவில் வாராவின் பக்கமே நியாயம் மிகுந்துள்ளது.

இவ்வியக்கம் 1974இல் இலங்கையில் சுமித்ரயோ என்ற பெயரிலும், 1986இல் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய சிநேகா அமைப்பிலும் நம் மண்ணுக்கு அருகே வந்தது. இவ்விரண்டும் எம்மதத்தையும் சாராத தொண்டரைக் கொண்டவை.

பயிற்சி வகுப்பு என்ற இன்றைய வடிவம் பிறந்தது ஆஸ்திரேலியாவில். அந்தோனி ஜோர்ம் என்னும் ஆய்வாளரும் உடனுழைத்தோரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுற்ற ஒருவரின் கதையைப் பொதுமக்களிடம் கூறி, அவருக்கு என்ன நேர்ந்துள்ளது என வினவினர். சரியாகப் பெயரிட்டோர் நூற்றுக்கு 39 பேரே. மனச்சிதைவு நோயாளியின் கதையை இனங்கண்டோர் 27 பேர். உடல் காயத்திற்கு முதலுதவி கற்பிக்கும் நாட்டில் மனக்காயத்திற்கு அது ஏன் இல்லை என்ற கேள்வி அவருக்கும் அவருடைய மனைவி பெட்டி கிச்சனருக்கும் எழுந்தது. கிச்சனர் செவிலியர், தாமே மனச்சோர்வினால் நெடுங்காலம் துன்புற்றவர். 2000ஆம் ஆண்டில் கான்பெராவில் இருவரும் மனநல முதலுதவி வகுப்பைத் தொடங்கினர். முதலில் 9 மணி நேரமாயிருந்த வகுப்பு பின்னர் 12 மணி நேரமாக்கப்பட்டது. அபாயத்தைக் கணித்தல், குறைகூறாமல் கேட்டல், நம்பிக்கையும் செய்தியும் அளித்தல், தக்க மருத்துவரிடம் செல்லத் தூண்டுதல் முதலியன அதன் பாடங்கள். நோயைக் கணித்துப் பெயரிடுவதோ சிகிச்சை அளிப்பதோ முதலுதவி செய்பவரின் வேலையன்று. பள்ளி மாணவருக்கென அமைந்த பிற்கால வகுப்பில், தோழனுடைய தற்கொலை எண்ணத்தை அறிந்த மாணவன் அதை இரகசியமாக வைத்துக்கொள்ளாமல் நம்பத்தகுந்த பெரியவர் ஒருவரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது வலியுறுத்தப்படுகிறது.

துன்புற்றவரே ஆசிரியராவது நம் துறைக்குப் புதிதன்று. தாமே 1920இல் மனநல மருத்துவமனையில் நோயாளியாயிருந்த அமெரிக்கப் போதகர் ஆன்டன் பாய்சன், 1925இல் வூஸ்டர் அரசு மருத்துவமனையில் இறையியல் மாணவர் சிலரைப் பயிற்றுவித்தார். இறையியல் கல்லூரிகள் பலவற்றில் இன்று நடைபெறும் மருத்துவமனைப் பயிற்சிக்கு அதுவே முன்னோடி.

இவ்வகுப்புகளால் விளைந்த பயன் யாது? பணியிடங்களைக் குறித்து 2004இல் வெளியான ஆய்வொன்று தெளிவான செய்தி தருகிறது. கான்பெராவின் இரு அரசுத் துறைகளில் பணியாற்றிய 301 பேருள் ஒரு பகுதியினர் உடனே வகுப்பில் சேர்க்கப்பட்டனர்; எஞ்சியோர் காத்திருந்தனர். சில மாதங்களுக்குப்பின் ஒப்பிட்டபோது, பயின்றோரிடம் உதவும் துணிவு மிகுந்திருந்தது. நோயாளிகளைக் குறித்த இழிவெண்ணம் குறைந்திருந்தது. அவர்களுடைய சொந்த மனநலமும் சற்று உயர்ந்திருந்தது. ஆயின் அவர்களால் உதவி பெற்றோர் நலமடைந்தனரா? 2023இல் காக்ரேன் அமைப்பு இதுவரை நிகழ்ந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, அதை உறுதிசெய்யப் போதிய சான்று இல்லை எனக் கூறியது. பயின்றவர் மாறுகிறார், துயருற்றவர் மாறினாரா என்பது இன்னும் அளக்கப்படவில்லை.

இங்கே நாம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். மிகுந்த வேலைப்பளுவாலும் அவமதிப்பாலும் ஊழியர் நொறுங்கும் ஓர் அலுவலகம், இருவரை வகுப்புக்கு அனுப்பிச் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டுப் பளுவை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடும். தேர்வில் தோற்ற மாணவனை வகுப்பின் நடுவே எழுப்பி இகழும் பள்ளியும் இதைச் செய்யக் கூடும். சமாரியன் காயங்களைக் கட்டியதோடு நிற்கவில்லை. அவன் அடிபட்டவனைச் சத்திரத்திற்குக் கொண்டுபோனான், செலவை ஏற்றான், திரும்பி வருவதாகவும் சொன்னான். முதலுதவிக்குப்பின் சத்திரம் வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கனடா நாட்டு அருட்பணி மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் 1957இல் தொடங்கிய மனநல நிலையம், நோயாளியுடன் உறவினர் ஒருவரும் தங்கும் முறையைக் கைக்கொண்டது. வீடு திரும்பியபின் யார் உடனிருக்கப்போகிறார்களோ அவர்களே சிகிச்சையில் பங்குபெற்றனர். 2022 அக்டோபர் முதல் இயங்கும் அரசின் டெலி மானஸ் தொலைபேசிச் சேவையின் எண் 14416 ஆகும். விடுதிச் சுவரில் இவ்வெண்ணை ஒட்டுவது எளிது. அழைத்தவனை மறுநாள் காலையில் விசாரிப்பவர் யார் என்பதை முன்னரே தீர்மானித்திருக்க வேண்டும்.

சட்டத்தின் கதவு நம் நாட்டில் தாமதமாகவேனும் திறந்துள்ளது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனநெருக்கடியில் இருந்தார் எனவே கொள்ளவேண்டும் என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. பொது ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்குடன் முயல்வது மட்டும் குற்றமாக நிற்கிறது. இலங்கை 1998லேயே இக்குற்றத்தை நீக்கிவிட்டது. சபையின் கதவோ சில இடங்களில் இன்னும் பாதியே திறந்துள்ளது. இத்தகைய மரணம் நேர்ந்த வீட்டில், ஆலயத்திற்குள் உடலைக் கொண்டுவரலாமா, மணி அடிக்கலாமா என்று சபைப் பெரியோர் கல்லறைத் தோட்டத்து வாயிலில் வாதாடக் கண்டோர் நம் வாசகருள் இருப்பர். அன்று அவ்வாதத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பவருள் தானும் அதே எண்ணத்தைச் சுமக்கும் ஒருவர் இருக்கலாம். அவர் இனி ஆயரிடம் வரமாட்டார்.

மேலும் ஆயருடைய துயரை யார் கேட்பது என்ற கேள்வி எஞ்சுகிறது. ஆசிரியருக்கும் ஊழியருக்கும் பயிற்சி வகுத்துள்ள நாம், குருமார் தமக்குள் அதை வகுத்துக்கொண்டோமா? குருமார் மாதக் கூட்டங்களில் காணிக்கைக் கணக்கும் மாற்றல் பட்டியலும் நெடுநேரம் பேசப்படுகின்றன. அக்கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, குறிப்பேட்டில் எழுதாமல், மேலிடத்திற்கு அறிக்கை அனுப்பாமல், இருவர் இருவராக அமர்ந்து பேசுவதற்கு விட்டுவிடலாம். தேநீர் ஏற்கெனவே கொடுக்கப்பட்டு வருகிறது.