ஏவலும் வியங்கோளும்

இலக்கணம் சமுதாயத்திற்கு அப்பாற்பட்டது என்று கருதுவோர் பலர். விதிகளை மனனஞ் செய்து ஒப்புவித்த பள்ளி நாட்களில் நாமும் அவ்வாறே நம்பினோம். ஆயின், வினைச்சொல்லின் வரலாற்றை ஊன்றி நோக்குமிடத்து அந்நம்பிக்கை நிலைப்பதில்லை.

ஒரு செயலை நிகழ்ந்ததாகக் கூறலாம், செய்யுமாறு ஏவலாம், வேண்டலாம், நிகழ்க என வாழ்த்தலாம். பேசுவோனின் இக்கருத்து வேறுபாடு வினைவடிவிற் புலப்படுவதை ஈண்டு வினைப்பாங்கு என்போம். கி.மு. 5ஆம் நூற்றாண்டிலே கிரேக்க அறிஞர் புரொட்டகொராஸ், பேச்சை வேண்டல், வினா, விடை, ஏவல் என நான்காகப் பகுத்தார். இலியாத் காவியத் தொடக்கத்தில் ஹோமர் கலைத்தெய்வத்தை வேண்டுவதாக எண்ணி ஏவிவிட்டார் என அவர் குறை கண்டதை அரிஸ்டோட்டில் குறிப்பிடுகின்றார். வினைப்பாங்கின் ஆராய்ச்சியோடு, யார் யாரை ஏவலாம் என்ற வினாவும் உடன்பிறந்துவிட்டது.

தமிழிலும் அவ்வினா பழையதே. ஒன்றைத் தருமாறு கேட்குமிடத்து, 'ஈ' இழிந்தோன் சொல், 'தா' ஒப்போன் சொல், 'கொடு' உயர்ந்தோன் சொல் எனத் தொல்காப்பியம் வகுக்கின்றது. கேட்கப்படும் பொருள் ஒன்றே. கேட்பவனின் படிநிலையே சொல்லைத் தீர்மானிக்கின்றது. சமுதாய ஏற்றத்தாழ்வை இதனினும் தெளிவாகப் பதிவு செய்தல் அரிது.

எனினும் இலக்கணம் அசையாது நின்றதில்லை. வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது என்றது தொல்காப்பியம். ஏறக்குறைய 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் யாத்த பவணந்தியாரோ, அது மூவிடத்திற்கும் ஐம்பாலுக்கும் உரியது என்றார். 'அவன் வாழ்க' என்பதோடு 'நாம் வாழ்க' என்பதும் விதிக்குள் வந்தது. வழக்கு மாறியது, விதியும் வழிவிட்டது.

யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் வா, வாரும், வாருங்கோ என ஏவல் மூன்று படியாய் நிற்கின்றது. வயதும் உறவும் மட்டுமன்றி, சாதியும் செல்வமும் அப்படிகளை வகுத்து வந்தன. நரைத்த தலையுடன் வயலில் உழைத்தவரை நிலவுடைமையாளரின் சிறுவன் 'வா' என்றழைத்த கதை நம்மவர் அறியாததன்று. அதே மொழியின் வியங்கோளையே 'வாழ்க', 'ஒழிக' என உழைப்பாளர் தம் ஊர்வலங்களில் முழக்கமாக்கினர். அம்முழக்கத்தில் ஒருவர் மற்றவரை ஏவவில்லை. பலர் கூடித் தம் விருப்பத்தை அறிவித்தனர்.

படிகளை வகுத்தவர் மனிதர். இலக்கணகாரர் அவற்றைக் குறித்து வைத்தவரே. மூத்த தொழிலாளி ஒருவரை 'வாருங்கோ' என்று நாம் அழைப்பதற்கு எந்த நூற்பாவும் தடையன்று.