அடிமையின் பாடமும் அரசரின் ஏடும்

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, டான்யூப் ஆற்றின் எல்லைப்புறப் பாசறைகளில், ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் தமக்குத் தாமே சில குறிப்புகளைக் கிரேக்க மொழியில் எழுதி வந்தார். அவர்தாம் உரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ். 161 முதல் 180 வரை அவர் அரசோச்சிய காலத்தில் அமைதி நிலவிய ஆண்டுகள் சிலவே. கிழக்கே பார்த்தியப் போர். அங்கிருந்து மீண்ட படைகளோடு பரவிய கொள்ளைநோய். வடக்கே மார்க்கோமன்னி, குவாதி முதலிய குலத்தாரின் படையெழுச்சி. பெற்ற மக்களுட் பலரையும் இளமையிலேயே இழந்தவர் அவர்.

அவ்வேட்டின் முதற்பகுதி முழுவதும் நன்றியுரையே. அதில், ரஸ்டிக்கஸ் என்னும் ஆசிரியர் தம்மிடமிருந்த எபிக்டெட்டஸின் உரைக்குறிப்புகளைத் தமக்குக் கொடுத்ததை மன்னர் மறவாது குறிக்கின்றார். யார் இந்த எபிக்டெட்டஸ்? இன்றைய துருக்கி நாட்டிலுள்ள ஹியராபோலிஸில் தோன்றியவர், உரோமாபுரியில் அடிமையாயிருந்தவர், கால் ஊனமுற்றவர். அவர் பெயருக்கே 'பெறப்பட்டவன்' என்பதுதான் பொருள்! விடுதலை பெற்றபின் மெய்யியல் கற்பித்தார். டொமிஷியன் மன்னன் மெய்யியலாரை நகரினின்று வெளியேற்றவே, கிரேக்கத்து நிக்கோபோலிஸில் பள்ளி நிறுவினார். அவர் ஒன்றும் எழுதிவைத்தாரல்லர். மாணவர் ஆரியன் குறித்துவைத்த எட்டு நூல்களுள் நான்கே நமக்குக் கிட்டியுள்ளன.

அவர் புகட்டிய பாடம் யாது? நம் எண்ணமும் விருப்பும் முயற்சியும் நம் ஆட்சிக்கு உட்பட்டவை. உடலும் பொருளும் புகழும் பதவியும் உட்படாதவை. முன்னதைப் பேணுக; பின்னதற்காக நெஞ்சழியற்க என்பதே. 'எல்லாம் விதி' என்று கைகட்டியிருக்கும் கொள்கையாக இதனைக் கொள்வது பிழை. நம்முடையதை நாமே செய்தாக வேண்டும் என்பதிலேதான் அவர் கண்டிப்பெல்லாம்.

மன்னரின் ஏட்டில் இதே பாடம் மீண்டும் மீண்டும் வருகின்றது. கற்றுத் தேர்ந்தவர் இத்தனை முறை எழுதுவானேன்? காலையில் படுக்கையை விட்டு எழ மனமில்லாமல் தம்மோடு தாமே வழக்காடுவதையும் அவர் எழுதியுள்ளார். நமக்கு அவரை நெருக்கமாக்குவது அந்த இடமே.

ஆயினும் ஒன்று நம் உள்ளத்தை உறுத்தாமலில்லை. அடிமைக்கு 'என்னால் ஆகாதது' மிகப் பெரிது. பேரரசருக்கோ மிகச் சிறிது. அடிமையொருவரிடம் பாடங்கேட்ட மன்னரின் ஆட்சியிலும் அடிமை முறை நிலைத்தே நின்றது. தமக்கு முன்னிருந்த மன்னர் நால்வர் தத்து முறையால் வாரிசைக் கொண்டிருக்க, இவரோ 177இல் மகன் கொம்மோடஸைத் துணையரசனாக்கினார். அம்மகன் கொடுங்கோலாட்சி புரிந்து 192இல் கொலையுண்டான். நம்மால் ஆவது எதுவரை என்று கோடு கிழிப்பதில் ஆசிரியரினும் மன்னருக்கே அதிகப் பொறுப்பு இருந்ததன்றோ?

ஏடு மட்டும் பிழைத்தது. 1559இல் சூரிக் நகரில் அது முதன்முதலாக அச்சேறியது. அப்பதிப்புக்கு உதவிய கையெழுத்துப்படி பின்னர் மறைந்துபோயிற்று.