நேரம் யார் கையில்? தமிழகத்தில் வேலைநேரம் உருவான வரலாறு

நேர மேலாண்மை பற்றி இன்று வெளிவரும் நூல்களும் நடக்கும் பயிற்சி வகுப்புகளும் அதைத் தனிமனிதரின் பழக்கமாகவே பார்க்கின்றன. வேலைகளைப் பட்டியலிடுங்கள், முக்கியமானதை முதலில் முடியுங்கள், கைப்பேசியைத் தள்ளி வையுங்கள் என்பவையே அவற்றின் சாரம். இந்த அறிவுரைகளில் தவறில்லை. கடைப்பிடிக்க முடிந்தவர்களுக்குப் பலனும் கிடைக்கிறது. ஆனால், நாளின் நேரம் அந்த மனிதரின் கையில்தான் இருக்கிறது என்று அவை கேட்காமலே எடுத்துக்கொள்கின்றன. தமிழக உழைப்பாளர்களின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. நேரம் அவர்கள் கைக்குத் தானாக வந்து சேரவில்லை. மணிக்கணக்கிலும், சில இடங்களில் நிமிடக்கணக்கிலும் அதைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. நேரத்தைத் திட்டமிடும் கலை அதற்குப் பிறகே சாதாரண மக்களுக்குப் பொருளுடையதாயிற்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நாழிகை

பழந்தமிழகத்தில் நேரத்தை நுட்பமாக அளக்கத் தெரியாமல் இல்லை. ஒரு நாள் 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். அதை 60 விநாழிகையாகவும் பகுத்தார்கள். நீர்க் கடிகாரம் வைத்து நேரத்தைக் கணிக்கும் நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டில் காண்கிறோம். அவர்கள் இருப்பது ஊர்ப் பொதுவிடத்தில் அல்ல, மன்னனின் பாசறையில். கழிந்த நாழிகை எவ்வளவு என்று அவனுக்கு அறிவிப்பதே அவர்கள் தொழில். திருக்குறளின் 49ஆம் அதிகாரமான காலமறிதல் இன்று நேர மேலாண்மை வகுப்புகளில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அது பொருட்பாலில் அரசனுக்குச் சொல்லப்பட்ட பகுதி. பகைமேல் செல்ல எது ஏற்ற பருவம், அதுவரை எப்படிக் காத்திருப்பது என்பதே அதன் பொருள். எட்டு மணி நேரத்தில் எத்தனை வேலை முடிக்கலாம் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. அந்த அதிகாரத்தை அலுவலகக் குறிப்பேட்டுக்கு இழுத்து வருவது அதன் ஆழத்தைக் குறைப்பதாகும் என்பது என் கருத்து.

குடியானவர்களின் வேலை பொழுதைப் பார்த்து நடந்தது. விடிவெள்ளி கண்டு ஏர் பூட்டினார்கள். நிழல் காலடிக்கு வந்ததும் கஞ்சிக்கு உட்கார்ந்தார்கள். ஓரிடத்தில் மட்டும் அவர்களுக்கும் துல்லியம் தேவைப்பட்டது. அது தண்ணீர்ப் பங்கீடு. கூட்டுக் கிணற்றிலும் வாய்க்காலிலும் முறை வைத்துப் பாய்ச்சும் ஊர்களில், யார் முறை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பது இன்றும் கறாரான கணக்கு. இராமுறை வந்தவர் தூக்கத்தை விட்டு மண்வெட்டியோடு மடையில் நிற்கிறார். அடுத்தவர் முறையில் கால் மணி நேரம் கூடுதலாகப் பாய்ந்துவிட்டால் பங்காளிகளுக்குள் பேச்சு நின்றுபோவதும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கு அவர்களே கூடி வகுத்துக்கொண்டது. பின்னால் வந்த ஆலைக் கணக்கிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது இதுதான்.

பொதுக் கடிகாரம்

கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் கட்டியது. 1802இல் ஜான் கோல்டிங்காம் அங்கிருந்து சென்னை நேரத்தைக் கணித்து நிலைப்படுத்தினார். 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, ஊருக்கு ஊர் வேறுபட்ட உள்ளூர் நேரம் தொல்லையாயிற்று. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டது என்பதால் சென்னை நேரமே பிற்காலத்தில் இந்திய ரயில்வேயின் பொது நேரமாக வழங்கியது. 1906இல் இந்திய நிலை நேரம் நடைமுறைக்கு வந்தபோது சென்னைக் கடிகாரங்கள் ஏறக்குறைய 9 நிமிடம் முன்னே நகர்ந்தன. ரயிலுக்காக மணி பார்க்கத் தொடங்கிய சமூகத்தில் அந்த மணியை உழைப்பின் அளவுகோலாக மாற்றியது ஆலை.

சங்கு ஊதிய பிறகு

தமிழகத்தின் பெரிய நூற்பாலைகள் 1870களின் பிற்பகுதியிலிருந்து எழுந்தன. சென்னையில் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகள், நெல்லைச் சீமையிலும் தூத்துக்குடியிலும் மதுரையிலும் ஹார்வி ஆலைகள், கோவையில் ஸ்டேன்ஸ் ஆலை. ஆலைச் சங்கு ஊதுவதற்குள் உள்ளே இருக்க வேண்டும். கடிகாரம் ஆலைக்காரரிடம் இருந்தது. வேலைக்கு வருபவர் வீட்டில் இல்லை. பொழுதைப் பார்த்துப் புறப்பட்டவர், நிமிடம் பார்த்துக் கூலி பிடிக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அரசின் சட்டங்கள் மெதுவாகவே நகர்ந்தன. 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 7 முதல் 12 வயதுவரையிலான குழந்தைகளின் வேலையை நாளுக்கு 9 மணி நேரமாக வரையறுத்தது. பெரியவர்களின் வேலைநேரம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 1891ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு 11 மணி நேர வரம்பு, நடுப்பகலில் அரை மணி நேர நிறுத்தம், வாரத்துக்கு ஒரு விடுமுறை ஆகியவற்றைக் கொண்டுவந்தது. வார விடுமுறைக்காக பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டியவர் நாராயண் மேகாஜி லோகண்டே.

தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். 1908 பிப்ரவரி 27இல் தொடங்கிய அந்தப் போராட்டத்தை வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் வழிநடத்தினார்கள். சுதேசி இயக்கத்தின் ஒரு கட்டமாகவே அதைப் பெரும்பாலும் எழுதியிருக்கிறோம், அது சரியே. ஆனால் தொழிலாளர்கள் கேட்டது என்ன? கூலி உயர்வு, வார விடுமுறை, மற்ற விடுப்பு வசதிகள். வார விடுமுறை சட்டப் புத்தகத்தில் ஏறிப் பதினாறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அதைத் தெருவில் இறங்கிக் கேட்க வேண்டியிருந்தது. நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்ந்தது, வேலைநேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையாயிற்று. அடுத்த சில நாள்களில், மார்ச் 12 அன்று, வ.உ.சி. கைது செய்யப்பட்டார். தமிழகத்தில் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக அனுபவிக்கும் ஒவ்வொருவரும் அந்தத் தூத்துக்குடித் தொழிலாளர்களுக்குக் கடன்பட்டவர்கள் என்றே நான் நினைக்கிறேன்.

அதே 1908இல் லண்டனில் ஆர்னால்டு பென்னட் எழுதிய சிறு நூல் ஒன்று வெளிவந்தது. நாளின் 24 மணி நேரத்தை எப்படி வாழ்வது என்று கற்றுத்தந்த அந்த நூல், தற்கால நேர மேலாண்மை நூல்களுக்கு முன்னோடி. அதன் வாசகர் காலை 10 முதல் மாலை 6 வரை வேலை பார்க்கும் குமாஸ்தா. மீதியுள்ள 16 மணி நேரத்தைத் தனி நாளாக எண்ணிப் பண்படுத்திக்கொள்ளும்படி பென்னட் அவரிடம் சொன்னார். அந்தக் குமாஸ்தாவுக்கு மாலை 6 மணி என்ற எல்லை முன்பே கிடைத்திருந்தது. கோரல் மில் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமையே அந்த ஆண்டுதான் கிடைத்தது.

பத்து ஆண்டு கழித்து, 1918 ஏப்ரல் 27இல், பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்முயற்சி எடுத்தார்கள், பி.பி.வாடியா தலைவரானார், திரு.வி.க. உடன் நின்றார். ஆலைத் தொழிலாளர்கள் சங்கத்திடம் முதலில் கொண்டுவந்த குறைகளில் ஒன்று சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரமே என்பது. நூல் தூசியில் நின்றவர் கைகால் கழுவி, கூட்ட நெரிசலில் வெளியே வந்து, தூக்குச் சட்டியைத் திறந்து உண்டு, மறுபடி இயந்திரத்தின் முன் நிற்க வேண்டும். சட்டம் குறைந்த அளவு என்று சொன்ன அரை மணி நேரத்தை ஆலை முழு அளவாக எடுத்துக்கொண்டது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் அமைப்பின் தொடக்கத்தில் ஒரு வேளைச் சோற்றுக்கான நிமிடங்கள் இருந்தன.

மலையகத் தோட்டங்களில் கணக்கு வேறு மாதிரி. இலங்கையில் தேயிலை பறித்த தமிழ்ப் பெண்களை விடியுமுன் தப்பொலி எழுப்பியது. வருகை எடுக்கும் பிரட்டுக்களத்தில் கூடிய பிறகு கங்காணியோடு மலையேறுவார்கள். பறித்த கொழுந்து குறித்த எடைக்கு வராவிட்டால் அன்று ‘அரைப்பேர்’, அதாவது பாதி நாள் கூலி. மழையில் நாள் முழுதும் நின்றவருடைய நாள் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பாதியாகச் சுருங்கியது. நேரத்தை எவ்வளவு ஒழுங்காகப் பயன்படுத்தினாலும் அதன் அளவை எழுதுகிறவர் வேறொருவர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

எட்டு மணி நேரம்

1919இல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பை ஏற்றது. இந்தியாவுக்கு வாரம் 60 மணி என விதிவிலக்கு வைத்தது. 1922ஆம் ஆண்டுச் சட்டம் அதையே பின்பற்றியது. சென்னைக் கடற்கரையில் ம.சிங்காரவேலர் 1923இல் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடியபோது, இந்தியத் தொழிலாளிக்குச் சட்டம் அனுமதித்த வேலை நாளுக்கு 11 மணி. 1934இல் அது 10 மணியாகவும் வாரத்துக்கு 54 மணியாகவும் இறங்கியது. 48 மணி நேர வாரம் 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறைக்கு அப்போது பொறுப்பேற்றிருந்தவர் டாக்டர் அம்பேத்கர். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அதை உறுதிசெய்தது. 1881இலிருந்து 1946 வரை எண்ணினால் இது அறுபத்தைந்து ஆண்டுப் பயணம்.

கிடைத்தது கிடைத்தபடியே இருந்துவிடவும் இல்லை. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டப்பேரவை 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் சட்டத்திருத்தத்தை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பிறகு, அது திரும்பப் பெறப்படுவதாக மே நாளன்று முதலமைச்சர் அறிவித்தார். கடைகளில் நாள் முழுக்க நிற்கும் விற்பனையாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டம் இம்மாநிலத்தில் வந்ததே 2021இல்தான்.

அறிவுரை யாருக்கு?

இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் நேர மேலாண்மை முறைகளின் உண்மையான எல்லை தெரிகிறது. பிரடெரிக் டெய்லர் 1911இல் வெளியிட்ட நூல், தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் நிறுத்து கடிகாரத்தால் அளந்து வேலையை வகுக்க மேலாளருக்குக் கற்றுத்தந்தது. அங்கே திட்டமிடுபவர் ஒருவர், உழைப்பவர் இன்னொருவர். ஸ்டீபன் கோவி 1989இல் பரப்பிய, அவசரமானது வேறு முக்கியமானது வேறு என்ற பகுப்பு, இருவரும் ஒருவரே என்று கொள்கிறது. எதை முதலில் செய்வது என முடிவெடுக்கும் உரிமை உள்ளவருக்கு அது அருமையான கருவி. நானும் அதைப் பரிந்துரைப்பேன். இராத்திரி ஷிப்டா பகல் ஷிப்டா என்று வார இறுதியில்தான் தெரிந்துகொள்ளும் தொழிலாளிக்கு அதனால் என்ன பயன்? பணி அட்டவணையை முன்கூட்டியே தருவதும், வேலை முடிந்த பிறகு வாட்ஸ்அப்பில் வேலை சொல்லாமல் இருப்பதும் அவருக்கு எந்தப் பயிற்சி வகுப்பையும்விடப் பெரிய உதவி.

இந்த வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பக்கம் வீடு. ஆலைச் சங்குக்கு முன்பே எழுந்து சோறு வடித்தவருக்கு 1922ஆம் ஆண்டுச் சட்டமும் இல்லை, 1948ஆம் ஆண்டுச் சட்டமும் இல்லை. 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுவேலை செய்வோரில் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். 2024இல் அது 289 ஆகவும் 88 ஆகவும் இருந்தது. பெண்களுக்குக் குறைந்த அந்த 10 நிமிடம் ஆண்கள் கைகொடுத்ததால் வந்ததல்ல. ஆண்களின் பங்கும் 9 நிமிடம் குறைந்திருக்கிறது.