மைதானத்தில் நம்மவர்: இருபத்தைந்தே நாளில்

2009 ஜூலையில் கே. ராஜகோபால் மலேசியத் தேசியக் காற்பந்துக் குழுவின் தலைமைப் பயிற்றுநரானபோது, குழுவின் நிலை பரிதாபமாக இருந்தது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் ஐக்கிய அரபு சிற்றரசிடம் 0-5 என்று தோற்றிருந்தோம். அதையடுத்துப் பயிற்றுநர் பி. சத்தியநாதனின் பதவி போனது. அந்த இடத்துக்கு வந்தவர் செத்தாப்பாக்கில் பிறந்த ராஜகோபால். முன்பு மலேசியாவுக்காக ஆடியவர். 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் கோல் காத்த காலத்தவர்.

அவர் நம்பியது இளைஞர்களை. டிசம்பரில் வியந்தியானில் நடந்த தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டிக்குப் போனது 23 வயதுக்குட்பட்டோர் குழு. கல்லூரியில் படிக்கும் வயதுப் பிள்ளைகள். முதற்சுற்றில் வியட்நாமிடம் 1-3 என்று தோற்றார்கள். தாய்லாந்தை 2-1 என்று வென்றார்கள். இறுதி ஆட்டத்தில் மறுபடியும் அதே வியட்நாம். 85-ஆவது நிமிடத்தில் வியட்நாம் ஆட்டக்காரர் ஒருவரே பந்தைத் தம் வலைக்குள் தள்ளிவிட, 1989-க்குப் பிறகு நமக்குத் தங்கம் கிடைத்தது. எஸ். குணாளன், கே. குருசாமி ஆகிய இருவரின் பெயர்களும் அந்தக் குழுவில் இருந்தன. தோட்டத்துத் திடல்களில் பந்து உதைத்து வளர்ந்த நம் குளுவாங்கிலும் அந்தப் பெயர்கள் பெருமையோடு பேசப்பட்டன.

ஆனால் ராஜகோபாலின் மதிப்பை எனக்கு உணர்த்தியது அந்தத் தங்கம் அல்ல, மறு ஆண்டின் ஒரு தோல்விதான்.

2010 டிசம்பர் 1, ஜகார்த்தா. தென்கிழக்காசிய நாடுகள் மோதும் சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் நம் ஆட்டக்காரர் நோர்ஷாருல் முதல் கோலை அடித்தும், இந்தோனேசியா 5-1 என்று நம்மை நொறுக்கியது. இன்னொருவராக இருந்தால் குழுவையே கலைத்துப் போட்டிருப்பார். ராஜகோபால் தம் பிள்ளைகளைக் கைவிடவில்லை. தாய்லாந்துடன் 0-0, லாவோசை 5-1, அரையிறுதியில் வியட்நாமை 2-0 என்று குழு எழுந்து வந்தது.

டிசம்பர் 26-ஆம் தேதி புக்கிட் ஜாலில் அரங்கில் இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம். எதிரே அதே இந்தோனேசியா. இரண்டாம் பாதியில் பார்வையாளர் பக்கமிருந்து லேசர் ஒளி பாய்ச்சப்பட்டதாக இந்தோனேசியர் முறையிட, ஆட்டம் சில நிமிடம் நின்றது. அந்தச் செயல் நமக்குப் பெருமை சேர்க்கவில்லை என்பதையும் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். ஆட்டம் தொடர்ந்ததும் ஒரு பந்து இந்தோனேசியக் கோல் கோட்டை நோக்கி உருண்டது. வெளியே போய்விடும் என்று நினைத்துத் தற்காப்பு ஆட்டக்காரர் மாமான் அதைத் தம் உடலால் மறைத்து நின்றார். நோர்ஷாருல் விடவில்லை. கோட்டின் விளிம்பிலேயே பந்தைப் பறித்துப் பின்னால் தட்ட, சாஃபி சாலி வலைக்குள் செலுத்தினார். அது 61-ஆவது நிமிடம். 68-இல் அஷாரி, 73-இல் மீண்டும் சாஃபி. 3-0! இருபத்தைந்து நாளுக்கு முன் ஐந்து கோல் வாங்கிய அதே எதிரியிடம்!

ஜகார்த்தாவில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் 1-2 என்று தோற்றாலும், மொத்தத்தில் 4-2. கோல் காவலர் கைருல் பாஹ்மி ஒரு பெனால்டியைத் தடுத்தார். மலேசியா முதன்முறையாக அந்தக் கிண்ணத்தை வென்றது. டிசம்பர் 31 பொது விடுமுறையானது. ஐந்து கோல்களுடன் சாஃபி போட்டியின் முன்னணி கோல் வீரரானார்.

தோற்ற மறுநாளும் அதே பிள்ளைகளை நம்பி நிற்பது எளிதல்ல. நம் தோட்டக் குழுக்களைப் பயிற்றுவித்த பெரியவர்களும் அப்படித்தான் நின்றார்கள். அவர்கள் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. பல தோட்டங்களில் திடலும் போய், ஆட்களும் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். குளுவாங், பாலோ, நியோர், சிம்பாங் ரெங்கம் வட்டாரத் தோட்டக் காற்பந்துக் குழுக்களின் பழைய படங்கள் உங்கள் வீட்டில் இருந்தால், படத்தில் உள்ளவர்களின் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு ஆகியவற்றைப் பின்புறம் எழுதி ஆசிரியருக்கு அனுப்பிவையுங்கள். பெயர் தெரிந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.