கூலி 6

எங்க ஊர் போளூர். திருவண்ணாமலைப் பக்கத்துப் போளூர் இல்லீங்க, கொடைக்கானல் மேல்மலைப் போளூர்.

லீவுக்கு வந்த அக்கா பையன் சாப்ட்வேர்காரன். பரணில் கிடந்த அப்பாவின் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டே, அவன் தொழிலில் நடந்த ஒரு சண்டையைச் சொன்னான். 2020-ல் கிட்ஹப், 'மாஸ்டர்' என்ற பெயரை எடுத்துவிட்டு 'மெயின்' என்று வைத்தது. 2005-ல் கிட்டில் அந்தப் பெயரை வைத்த பீட்டர் பாவ்டிஷ், பாட்டு ரிக்கார்டிங்கில் சொல்கிற 'மாஸ்டர்'தான் மனதில் இருந்திருக்கும் என்றாராம். இல்லை, அதற்கு முந்தைய பிட்கீப்பரின் மாஸ்டர்-ஸ்லேவ்தான் மூலம் என்றது எதிர்க்கட்சி. (பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஜம்பர் மாற்றியவர்களுக்கு அந்த ஜோடியை நல்லாவே தெரியும்!)

எனக்கு 'கூலி' ஞாபகம் வந்தது. அதன் வேருக்கும் இப்படி ஒரு வழக்கு உண்டு. 1886-ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் யூலும் பர்னலும் குஜராத்துப் பக்கத்துக் கோலி சாதியின் பெயரைத்தான் மூலமாகப் பார்க்கிறார்கள். வில்சன் என்பவரோ நம்ம தமிழ், கன்னடக் 'கூலி'தான் என்கிறார் என்று அவர்களே குறித்தும் வைத்திருக்கிறார்கள்.

வில்சன் பக்கம் சாய எனக்கும் ஆசைதான். ஆனா, அதில் பெருமைப்பட என்ன இருக்கு? தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கிடைப்பது; குறள் 619-லும் அதே பொருள்தான். ஆளைச் சொல்ல கூலியாள், கூலிக்காரர் என்று தனிச்சொல் உண்டு. வெள்ளைக்காரன் வாயில் காசு போய் ஆளே கூலி ஆகிவிட்டான். 1860-ல் 'ட்ரூரோ' கப்பலில் மெட்ராஸிலிருந்து டர்பன் போய் இறங்கியவர்கள் கூலி. பின்னால் போன காந்தியும் அங்கே 'கூலி பாரிஸ்டர்'. தென்னாப்பிரிக்காவில் இன்றும் அது வசவு. இங்கே 2025-ல் ரஜினி படத்துக்கு அதே பெயர், விசில் பறந்தது!

அவ்வளவு தூரம் ஏன்? மோட்டார் ரோடு வருமுன் துரைமார்களையும் துரைசானிகளையும் நாற்காலியில் வைத்து நம்ம ஆட்கள் தோளில் தூக்கி வந்த கொடைக்கானல் மலைப்பாதைக்கே 'கூலி காட்' என்றுதான் பெயர்.

எல்லாம் வெள்ளைக்காரன் செய்த வேலை என்று நான் முழங்கிக்கொண்டிருந்தபோது பையன் நோட்டை நீட்டினான். அப்பாவின் கையெழுத்து: "பூண்டுக் களை. கூலி 6."

"இது ஆறு ரூபாயா மாமா, ஆறு பேரா?"

ஆறு பேர்தான். அந்தக் களையெடுப்பு எனக்கே நினைவிருக்கிறது. பக்கம் பக்கமாகப் புரட்டினோம். உரக்கடைக்காரர் பெயர் இருந்தது, லாரிக்காரர் பெயர் இருந்தது. களையெடுத்தவர்களில் ஒருத்தர் பெயர்கூட இல்லை.